தாளிக்காத ஊர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மூட்டை இறக்கும் நேரத்தில் எந்தத் துப்பறிவாளனுக்கும் மூக்கு வேலை செய்யாது. நந்தகுமாரின் அலுவலகம் குமாரசாமியின் மளிகை மண்டிக்கு நேர் மேலே, மாடியில் இருந்தது. யார் வந்தாலும் முதலில் தும்முவார்கள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அதன் பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். வாடகை மலிவு என்பதால் நந்தகுமார் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அவனுடைய உதவியாளர் சரிதா, ராசிபுரத்துக்காரி, தினமும் திறப்பாள்.

அன்று காலை டாக்டர் அறிவுச்செல்வியும் தும்மினார். ஆனால் கண்ணைத் துடைக்கவில்லை. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"பொய் சொல்லியிருக்கறது ரத்தம் எடுத்த பையனா, இல்லை ஒரு ஊரான்னு கண்டுபிடிச்சுத் தரணும்."

"ஊர்னா பஸ் பிடிக்கணும் டாக்டர்," என்றாள் சரிதா. "எங்க கார்ல நாலு பேரைத்தான் கைது பண்ணிக் கொண்டாற முடியும்."

டாக்டர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை என்பது அடுத்த பத்து நிமிடத்தில் புரிந்தது.

போன வருடம் ஐப்பசி மழைக்குப் பிறகு சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் டெங்கு சுற்றியது. ஆஸ்பத்திரியில் படுத்தவர்களை எண்ணிவிடலாம். வீட்டிலேயே போர்த்திக் கிடந்து எழுந்தவர்களை, கொசு கடித்து வைரஸ் ஏறியும் ஒன்றும் தெரியாமல் திரிந்தவர்களை யார் எண்ணுவது? அதற்குத்தான் அறிவுச்செல்வியின் ஆராய்ச்சிக் குழு கோடையில் ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்தது. வைரஸ் போனாலும் அது வந்துபோன தடம் ரத்தத்தில் தங்கும். கொஞ்சம் பேருடைய ரத்தத்தைப் பார்த்தால் வட்டாரம் முழுக்க எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று மதிப்புப் போட்டுவிடலாம்.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் நொச்சிப்பட்டியில்தான் சிக்கல். அந்த ஊரில் எடுத்த ரத்தத்தில் பாதிக்குப் பாதி டெங்குவின் தடம். ஆனால் சுகாதார அலுவலகத்தின் கணக்கில் நொச்சிப்பட்டியில் போன வருடம் ஒருவருக்குக்கூடக் காய்ச்சல் கிடையாது. ரத்தம் எடுக்கப் போன பையன் வீடு வீடாகக் கேட்டபோதும் அத்தனை பேரும் இல்லை என்றே சொல்லியிருக்கிறார்கள்.

மேலே உட்கார்ந்திருக்கும் கமிட்டிக்கு யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. காய்ச்சலே வராத ஊரில் டெங்கு ரத்தம் எப்படி வரும்? வளவன் என்கிற ஆய்வகப் பையன் நொச்சிப்பட்டிக்குப் போகவே இல்லை, பக்கத்து ஊரிலேயே இரண்டு மடங்கு ரத்தம் எடுத்துப் பெயரை மாற்றி ஒட்டிவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். பையன் சஸ்பெண்ட் ஆகி ஆத்தூரில் வீட்டோடு கிடக்கிறான். பெண் வீட்டார் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார்களாம்.

"பையனைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டர். "டெங்குல நாலு ரகம். ஒரு ரகம் வந்தவங்களுக்கு அடுத்து வேற ரகம் வந்தா உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த வருஷம் வேற ரகம் கிளம்பியிருக்கு. நொச்சிப்பட்டியில நிஜமாவே பாதிப் பேருக்கு வந்திருந்தா, மழைக்கு முன்னாடி முதல் முகாம் அங்கதான் போடணும். இப்ப அந்த ஊர் லிஸ்ட்லயே இல்லை."

ஜன்னலுக்கு வெளியே வானம் ஏற்கெனவே கறுத்துக் கொண்டிருந்தது.

*

"கொசுவை விரட்டற செடி நொச்சி," என்றாள் சரிதா, கார் தேசிய நெடுஞ்சாலையில் ஏறியதும். "அந்தப் பேரை வெச்ச ஊர்ல டெங்கு. கொசுவுக்குப் படிப்பறிவு இல்லைங்க சார்."

நந்தகுமார் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக லாரி விபத்துகளைத் துப்பறிந்தவன். விபத்தே நடக்காத இடத்தில் உடைந்த கண்ணாடியும், விபத்து நடந்த இடத்தில் அலம்பிவிட்ட தார்ரோடும் அவனுக்குப் பழக்கம். யாராவது ஒன்றை மறைத்தால் அது வேறு எங்காவது துருத்திக்கொண்டு நிற்கும் என்பது அவன் அனுபவம்.

புதுச்சத்திரத்தில் முதலில் மருந்துக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். போன கார்த்திகையில் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்து காய்ச்சல் மாத்திரையை அள்ளிக்கொண்டு போனதாம், கடையில் இருப்பே இல்லாமல் நாமக்கல்லுக்கு ஓடினாராம். நொச்சிப்பட்டியிலிருந்து மட்டும் ஒரு ஆள் வரவில்லை. தலைவலிக்குக்கூட யாரும் வாங்கவில்லை என்று அடித்துச் சொன்னார். ஆட்டோ ஸ்டாண்டிலும் அதே பதில்தான். அந்த ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு சவாரி கிடையாது.

திரும்பி வரும்போது சரிதாவே கொஞ்சம் அடங்கியிருந்தாள். வளவன் நிஜமாகவே ஏமாற்றியிருப்பானோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நந்தகுமாருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒரு விஷயம் அவனை உறுத்தியது. மழைக்காலத்தில் ஒரு ஊர் முழுக்க யாருக்குமே ஒரு மாத்திரைகூடத் தேவைப்படாமல் போகுமா? ஜலதோஷம் எங்கே போயிற்று? கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தால் யாரோ துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

செவ்வாய்ப்பேட்டை வந்ததும் மாடிக்கு ஏறாமல் நேராக மண்டிக்குள் நுழைந்தான். உடம்பு சரியில்லாதவன் டாக்டரிடம் பொய் சொல்லலாம், வயிற்றிடம் சொல்ல முடியாது. ஊர் படுத்திருந்தால் சாப்பாடு குறைந்திருக்கும். நொச்சிப்பட்டிக் கடைக்கு யார் சரக்குப் போடுவது என்று குமாரசாமியைக் கேட்டான்.

"நாந்தானுங்க," என்றார் குமாரசாமி. "சின்னண்ணன்னு ஒருத்தர். ஊருக்கே அவர் ஒருத்தர் கடைதான்."

போன கார்த்திகையில் அரிசி குறைந்ததா என்று கேட்டான். குறையவில்லை. துவரம்பருப்பு? வழக்கம்போல. நந்தகுமார் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கிளம்பப் போனபோது குமாரசாமிக்குப் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பியது.

"அந்த மாசத்தைக் கேக்காதீங்க. கடுகுல பாதிக்கு மேல திருப்பி அனுப்பிட்டார். வரமிளகாய் அப்படியே வந்துச்சு, கடலெண்ணெய் டின் பிரிக்காம வந்துச்சு. ஏனுங்க, ஊரே தாளிக்காமத் தின்னுச்சான்னு கேட்டேன். பதில் சொல்லாமக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டார்."

சரிதா ஏதோ கிண்டல் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

"கும்பிட்டாரா?"

"ஆமாங்க. மேல பாத்துக் கும்பிட்டார்."

நந்தகுமாருக்குச் சமையல் என்பது ஓட்டல் பார்சலைப் பிரிப்பதோடு முடிந்துவிடும் விஷயம். அதனால் சரிதாதான் சொல்ல வேண்டியிருந்தது.

"எங்க வீட்ல தாளிக்காத சமயம் ஒண்ணே ஒண்ணுதாங்க சார். வீட்ல யாருக்காவது அம்மை போட்டிருக்கறப்ப. எண்ணெய் வெக்கக் கூடாது, கடுகு பொரியக் கூடாது, கறி கூடாது. வாசல்ல வேப்பிலை சொருகிடுவாங்க. டாக்டரும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. ஆத்தா வந்திருக்கறப்ப மாத்திரை குடுத்தா அவளை விரட்டற மாதிரி."

டெங்குவில் உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிக்கும் என்பது நந்தகுமாருக்குத் தெரியும். அதைப் பார்த்தால் அம்மை என்று நினைக்க ஒரு நொடி போதும். பாதிக் கடுகு விற்கவில்லை. ரத்தத்தில் பாதி. ஒரு வட்டாரத்தில் எத்தனை பேருக்கு வைரஸ் என்று படித்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, செவ்வாய்ப்பேட்டை மண்டியில் அது கடுகு மூட்டையாகத் திரும்பி வந்து கிடந்திருக்கிறது.

*

நொச்சிப்பட்டியில் கோழிப்பண்ணை வாடைதான் முதலில் வரவேற்றது. தெருவில் நிறைய வாசல்களில் போன வருடத்து வேப்பங்கொத்து காய்ந்து பழுப்பேறி இன்னும் சொருகியபடி இருந்தது. ஊருக்குள் வந்து போன எந்த அதிகாரியும் அதைப் பார்த்திருப்பார். பண்டிகைத் தோரணம் என்று நினைத்திருப்பார்.

வளவன் விஷயம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. கோடையில் ரத்தம் எடுக்க யாராவது வந்தார்களா என்று கேட்டதுமே தெருவில் சிரிப்பு. நாய் துரத்தி மாரியம்மன் கோயில் மதில்மேல் ஏறி நின்ற தம்பியா என்று நான்கு பேர் ஒரே சமயத்தில் கேட்டார்கள். சரிதா அங்கிருந்தே வளவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, உங்களைத் துரத்தின நாய் என்ன கலர்?"

"செவலைங்க. ஒரு காது மடங்கியிருக்கும்," என்றான் வளவன். அந்த நாய் இப்போது சரிதாவின் செருப்பை மோந்து கொண்டிருந்தது. ஒரு காது மடங்கித்தான் இருந்தது.

அவன் வந்திருக்கிறான். ரத்தம் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பொய் சொன்னது ஊர் என்று நந்தகுமார் முடிவுக்கு வந்தான். அந்த முடிவோடுதான் கந்தம்மாளின் வீட்டு வாசலில் போய் நின்றான். பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை அவருக்கு. வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். உள்ளே சுவரில் மாலை போட்ட போட்டோவில் ஒரு பெண், கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் பிரீத்தி, கந்தம்மாளின் ஒரே மகள், போன கார்த்திகையில் போனவள் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள்.

கந்தம்மாள் இருவருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தார். நந்தகுமார் தன்மையாகத்தான் ஆரம்பித்தான்.

"உங்க பொண்ணு காய்ச்சல்லதானுங்க இறந்துச்சு?"

கந்தம்மாளின் முகம் மாறியது.

"காய்ச்சலுங்களா? ஆருங்க சொன்னது? எம்புள்ளைக்குக் காய்ச்சலே இல்லீங்க. ஆத்தா வந்திருந்தா."

"ஒடம்பு சுடலீங்களா?"

"அனலாக் கொதிச்சுதுங்க. அது ஆத்தாளோட சூடுங்க சாமி. அதைப் போயி காய்ச்சல்னு சொன்னா நாக்கு அழுகிப் போயிருமுங்க."

சுகாதார அலுவலகத்திலிருந்து வந்து கேட்டார்களா என்றான். வாராவாரம் வந்தார்களாம். இதே வாசலில், உள்ளே பிரீத்தி படுத்திருக்க, ஊட்டுல ஆருக்காச்சும் காய்ச்சலுங்களா என்று கேட்டார்களாம். இல்லை என்று இவர் சொன்னாராம். கோடையில் வந்த தம்பி அதையே கேட்டபோதும் அதே பதில். அதில் அவருக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

"பல்லுல ரத்தம் கசிஞ்சுதுங்க," என்றார் கந்தம்மாள், கேட்காமலே. "ஆத்தா இருக்கறப்ப ஊட்டை விட்டு எடுத்துட்டுப் போலாமுங்களா? ஆத்தா எறங்கித் தண்ணி ஊத்திட்டு ஆசுபத்திரி போலாம்னு இருந்தேன். மொதத் தண்ணிகூட ஊத்தலீங்க."

சரிதா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் கேட்ட கேள்வியை அந்த ஊரில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அக்கா, உங்க தெருவுல ஆரார் ஊட்டுக்கு ஆத்தா வந்திருந்தா?"

கந்தம்மாள் தயங்கவே இல்லை. எதிர் வீட்டைக் காட்டினார், மூலை வீட்டைக் காட்டினார், வடக்குப் பக்கம் கையை வீசிக்கொண்டே போனார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஆத்தா வராத ஊட்டைச் சொல்றது சுலபமுங்க கண்ணு. அதச் சொல்லட்டுங்களா?"

*

காரில் ஏறியதும் நந்தகுமார் மறுபடி வளவனைக் கூப்பிட்டான். வீடு வீடாக என்ன கேட்டாய், ஒரு வார்த்தை விடாமல் சொல் என்றான். பையன் மனப்பாடமாக ஒப்பித்தான். 'கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்ததா?' ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். சுகாதார அலுவலகத்து ஆட்களுக்கும் போன வருடப் பயிற்சியில் காய்ச்சலா என்ற அதே மாதிரிக் கேள்வியைத்தான் கொடுத்திருந்தார்களாம்.

மல்லூர் தாண்டும்போது தூறல் போட்டது. அப்போதுதான் சரிதா வாயைத் திறந்தாள், அதுவும் கோபத்தோடு. ஒரு பெண்ணின் பல்லில் ரத்தம் கசிகிற வீட்டு வாசலில் நின்று ஒருவன் காய்ச்சலா என்று கேட்கிறான், இல்லை என்றதும் திரும்பிப் போகிறான், எட்டிப் பார்க்கவாவது தோன்றாதா என்றாள். தோன்றாது என்றான் நந்தகுமார். இல்லை என்ற பதில் வந்தால் அன்றைய வேலை சீக்கிரம் முடியும்.

சாயங்காலம் டாக்டர் அறிவுச்செல்வி மாடிக்கு வந்தார். வளவன் தப்பு செய்யவில்லை என்று கேட்டதும் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். நாய்க் கதைக்குச் சிரிக்கவும் செய்தார். கடுகுக் கதையைக் கேட்டதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தன் ரத்தக் கணக்கு சரி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை, கடுகு காட்டியது தடிப்பு வந்த வீடுகளை மட்டும்தான், ரத்தம் காட்டியது ஒன்றும் தெரியாமல் வந்துபோனவர்களையும் சேர்த்து என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"அப்ப பொய் சொன்னது ஊர்தான்," என்று முடித்தார்.

"ஊரும் சொல்லலீங்க டாக்டர்," என்றான் நந்தகுமார். "அந்த ஊர்ல அது காய்ச்சலே இல்லை. ஆத்தா. காய்ச்சல் இருக்கான்னு கேட்டா இல்லைன்னு சொல்றதுதான் உண்மை. கேள்விதான் தப்பு. அதை எழுதினது யாருங்க?"

டாக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"இங்கிலீஷ்ல எழுதினேன். தமிழாக்கினதும் நான்தான்."

"வெளியூர்க்காரங்களுக்கு இது எப்படித் தெரியும், விடுங்க," என்றாள் சரிதா, அவளுக்கே பாவமாகிவிட்டது.

"நான் திருச்செங்கோடு," என்றார் அறிவுச்செல்வி. "எனக்கு அம்மை போட்டப்ப எங்க வீட்லயும் தாளிக்கலை. வேப்பிலை மேலதான் படுத்திருந்தேன். எழுதறப்ப ஞாபகத்துக்கே வரலை."

இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே அந்த நேரத்தில் மிளகாய் இறங்கவில்லை.

ஆனால் டாக்டர் என்பவர் அழுது முடித்ததும் மறுபடி டாக்டர் ஆகிவிடுவார். அதே கேள்வியைத்தான் வட்டாரம் முழுக்க எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறோம் என்றார். கேள்வி தப்பு என்று ஒப்புக்கொண்டால், ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் வெளியே காய்ச்சலோடு எத்தனை பேர் என்று தன் பெயரில் மேலே போயிருக்கும் மதிப்பீடு மொத்தமும் கேள்விக்கு உள்ளாகும் என்றார். பிறகு குரலை இறக்கி, 'அறியாமையால் மக்கள் உண்மையை மறைத்தனர்' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

"அவங்க மறைக்கலீங்க," என்றான் நந்தகுமார். "கந்தம்மாளோட பொண்ணு செத்ததே எந்தக் கணக்குலயும் இல்லை. அதுக்கு மேல அந்தம்மா பொய் சொன்னாங்கன்னு வேற நான் எழுதறதா?"

டாக்டர் எழுந்துகொண்டார். கமிட்டி தீபாவளி முடிந்துதான் கூடும், அதற்குள் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன் என்றார். முகாம்? அதுவும் கமிட்டி சொன்னால்தான். குடையை விரித்துக்கொண்டு படியில் இறங்கிப் போனார். நந்தகுமாருக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட, தானும் அவர் இடத்தில் இருந்தால் தீபாவளி வரை யோசித்திருப்போமோ என்ற எண்ணம்தான் அதிகம் கசந்தது.

மழை பிடித்துக்கொண்டது. சரிதா ஜன்னலைச் சாத்தப் போனாள். கீழேயிருந்து குமாரசாமி படிக்கட்டுப் பக்கம் வந்து மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அம்மிணி, உங்க நொச்சிப்பட்டிக்காரர் இப்பத்தான் போன் பண்ணினார். இந்த வாட்டி அரிசி பருப்பு மட்டும் போதுமாமா. கடுகு, மிளகாய், எண்ணெய் எதுவும் வேண்டாங்கறார். இந்த வருசமும் ஆரம்பிச்சுட்டாங்க போல."

சரிதா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நந்தகுமார் போனை எடுத்தான். டாக்டர் இன்னும் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். நொச்சிப்பட்டியில் மறுபடி வந்துவிட்டது என்றான்.

"ரிப்போர்ட் வந்திருக்கா?" என்றார் அறிவுச்செல்வி, மழைச் சத்தத்துக்கு மேல். "எத்தனை பேருக்குக் காய்ச்சல்?"

"காய்ச்சல் ஒருத்தருக்கும் இல்லீங்க டாக்டர்," என்றான் நந்தகுமார். "கடுகுதான் வேண்டாம்னுட்டாங்க."